மறைத்து ஏந்தும் பிஸ்டலில் ஒளியிழை சைட்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறு நீக்கும் வழிமுறை

டெக்சாஸில் நான் இருக்கும் ஊரில், சட்டைக்குள் மறைத்து ஏந்தும் சிறிய பிஸ்டலில், குறிபார்க்க உதவும் ஒளியிழை சைட் மாட்டிக்கொண்ட தமிழ் நண்பர்கள் ஏழெட்டுப் பேர் இருக்கிறோம். சுடுதளத்திலிருந்து திரும்பிய ஞாயிற்றுக்கிழமை மாலையில் யாராவது ஒருவர் ஸ்லைடை, அதாவது பிஸ்டலின் மேலே முன்பின் நகரும் பாகத்தை, துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு என் கார் கொட்டகைக்கு வந்துவிடுவார். “சைட் கெட்டுப்போய்விட்டது” என்றுதான் பேச்சு தொடங்கும். திறந்து பார்த்தால் பெரும்பாலும் சைட் கெட்டிருக்காது. அதில் அழுக்கு சேர்ந்திருக்கும், அல்லது இழை தேய்ந்திருக்கும், அல்லது அவருடைய பிஸ்டலுக்கும் கண்ணுக்கும் பொருந்தாத சைட்டை அவர் வாங்கியிருப்பார். இந்த மூன்றாவது வகைக் கோளாறுதான் செலவு வைப்பது. எனவே வாங்கப்போகிறவர்களும் இதைப் படிப்பது நல்லது.

முன் சைட் என்பது குழல் முனைப் பக்கம் ஸ்லைடின் மேல் நிற்கும் குறிமுள். பின் சைட் என்பது நம் கண்ணுக்கு அருகில் வெட்டு வைத்து நிற்கும் பட்டை. இழை என்பது அவற்றின் துளையில் படுத்திருக்கும் நிறமேற்றிய பிளாஸ்டிக் கம்பி. ஒவ்வோர் அறிகுறிக்கும் செலவில்லாத காரணத்தை முதலிலும் பணம் பிடுங்கும் காரணத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன்.

நம்மவர்களுக்காக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத் தொகுப்பின் 18ஆம் தலைப்பு, 922ஆம் பிரிவின்படி, எச்-1பி போன்ற குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது பொதுவாகக் குற்றமாகும்; செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. கிரீன் கார்டு உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை. மறைத்து ஏந்துவதற்கான விதிகளோ மாநிலத்துக்கு மாநிலம் மாறுகின்றன. விசாவில் இருப்பவர், நண்பரின் பிஸ்டலைப் பழுதுபார்க்கக் கையில் வாங்குவதற்கு முன்பே வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

## எதையும் தொடுவதற்கு முன்

மேகசினை, அதாவது தோட்டாக்கூட்டை, கழற்றுங்கள். அதன் பிறகு ஸ்லைடை இழுத்துப் பூட்டி, சேம்பரில், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையில், தோட்டா இல்லை என்பதைக் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலாலும் தொட்டு உறுதிசெய்யுங்கள். இந்த வரிசை மாறக் கூடாது. ஸ்லைடை முதலில் இழுத்து மேகசினைப் பிறகு கழற்றினால் சேம்பரில் புதிய தோட்டா ஏறியிருக்கும். தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, ஸ்லைடைச் சட்டகத்திலிருந்து பிரித்து, ஸ்லைடை மட்டும் மேசைக்குக் கொண்டுவாருங்கள். இங்கே சொல்லும் சோதனைகளில் சுடுதளத்தில் செய்பவையும், உறையில் (ஹோல்ஸ்டரில்) போட்டுப் பார்ப்பவையும், கையை நீட்டிப் பிடித்துப் பார்ப்பவையும் தவிர மற்றவற்றுக்கு முழுத் துப்பாக்கி தேவையில்லை.

## அறிகுறி: புள்ளி மங்கலாகத் தெரிகிறது

முதலில் ஸ்லைடை வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் பிடியுங்கள். வெயிலிலும் மங்கலா, அல்லது வீட்டுக்குள் வந்தால் மட்டும் மங்கலா என்பதில்தான் வழி பிரிகிறது.

### வெயிலிலும் மங்கல்

இழையின் பக்கவாட்டில் விழும் வெளிச்சம்தான் அதன் முனையில் புள்ளியாகத் தெரிகிறது. எனவே முனையை மட்டும் துடைத்துவிட்டு “துடைத்தாயிற்று” என்று சொல்வதில் பயனில்லை. இடுப்போடு ஒட்டிக் கிடக்கும் பிஸ்டலில் பனியன் பஞ்சு, வியர்வை, துப்பாக்கி எண்ணெய், சுட்ட புகைக்கரி ஆகிய நான்கும் குழைந்து இழையின் மேல் ஒரு படலமாகப் படிந்துவிடும். வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் துலக்கும் சோப்பு ஒரு துளி கலந்து, காது குடையும் பஞ்சுக்குச்சியால் இழையின் மேலும் பக்கங்களிலும் முனையிலும் துடைத்து உலரவிடுங்கள். என் மேசைக்கு வரும் மங்கல் புகார்களில் பெரும்பகுதி இதோடு முடிந்துவிடுகிறது.

துடைத்தும் மங்கலாகவே இருந்தால், முனையை உருப்பெருக்கியால் பாருங்கள். முனை கறுத்திருந்தால், முன்பு மாற்றியவர் லைட்டர் சுடரை நேராகக் காட்டிக் கருக்கியிருக்கிறார். முனை சரிந்து வெட்டுப்பட்டிருந்தால் ஒளி பக்கவாட்டில் சிதறும். இழை முழுவதும் வெளுத்தோ, மெல்லிய வெடிப்புகளுடன் பால்போல் கலங்கியோ இருந்தால், நெடுநாள் வெயிலோ ரசாயனமோ அதைத் தின்றிருக்கிறது. பிரேக் கிளீனரும் அசிட்டோனும் இழைக்கு நஞ்சு. குழலைச் சுத்தம் செய்யும் கரைப்பான்கள் சிலவும் அப்படியே. ஸ்லைடை முழுதாகக் கரைப்பானில் முக்கி எடுக்கும் பழக்கம் உள்ளவர்கள் அதை நிறுத்த வேண்டும். முனை கறுத்தாலும், சரிந்திருந்தாலும், இழை வெளுத்தாலும் தீர்வு இழையை மாற்றுவதுதான். அதைச் செய்யும் விதம் அடுத்த அறிகுறியில் இருக்கிறது.

புது இழை போட்டும் புள்ளி பிடிக்கவில்லை என்றால், இழையின் விட்டத்தைப் பாருங்கள். பிஸ்டல் சைட்டுகளில் பெரும்பாலும் 0.040 அங்குலம், அதாவது ஏறத்தாழ 1 மிமீ இழையோ, 0.060 அங்குலம், அதாவது ஏறத்தாழ 1.5 மிமீ இழையோ இருக்கும். சிறியது தொலைவில் உள்ள சின்ன இலக்கை மறைக்காது என்பதால் போட்டியாளர்கள் அதை விரும்புகிறார்கள். தற்காப்புக்காக ஏந்தும் பிஸ்டலில் புள்ளி சட்டென்று கண்ணில் பட வேண்டும் என்பதால் பெரியதே நல்லது என்பது என் கருத்து. ஆனால் துளை எந்த அளவோ அந்த அளவு இழைதான் போட முடியும். அளவை மாற்ற முன் சைட்டையே மாற்ற வேண்டும்.

### வீட்டுக்குள்ளும் இருட்டிலும் மட்டும் மங்கல்

இது கோளாறு அல்ல. ஒளியிழை தானாக எதையும் எரிப்பதில்லை. சுற்றிலும் இருக்கும் வெளிச்சத்தை இரவல் வாங்கித்தான் காட்டுகிறது. கடன் கொடுக்க ஆளில்லாத இடத்தில் அது வெறும் கறுப்புக் குறிமுள்தான். இதை வாங்குவதற்கு முன்பே சோதித்துப் பார்க்கலாம்: ஒரே ஓர் இழைத்துண்டை எடுத்துக்கொண்டு, இரவில் உங்கள் வீட்டுக் கூடம், மாடிப்படி, கார் நிறுத்துமிடம் என்று நடந்து, எங்கெங்கே அது செத்துப்போகிறது என்று பாருங்கள். அதிகம் ஏமாற்றுவது, நாம் இருட்டில் நின்று வெளிச்சத்தில் இருப்பதைப் பார்க்கும் நிலை. அப்போது இழையின் மேல் விழ ஒளியில்லை. ஆனால் வெளிச்சமான பின்புலத்தில் குறிமுள்ளின் நிழலுரு தெளிவாகத் தெரியும் என்பதால் அந்த நிலையில் பெரிய இழப்பில்லை. இரு பக்கமும் இருட்டாக இருந்தால்தான் சிக்கல். அங்கே எதிரில் இருப்பது யார் என்று அடையாளம் காணவே கைவிளக்கு வேண்டும் என்பதால், சைட்டுக்கு முன்னால் விளக்குக்குச் செலவிடுங்கள்.

அதன் பிறகும் இருட்டில் புள்ளி வேண்டும் என்பவருக்கு டிரிட்டியம் என்ற கதிரியக்க வாயு அடைத்த, தானாக ஒளிரும் சின்னக் குப்பியும் இழையும் சேர்ந்த சைட்டுகள் இருக்கின்றன. ட்ரூகுளோவின் டிஎஃப்எக்ஸ், ஹைவிஸ்ஸின் லைட்வேவ் எச்3 போன்றவை இந்த வகை. டிரிட்டியத்தின் அரை ஆயுள் 12.3 ஆண்டுகள், அதாவது பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்த சைட் பாதி ஒளிதான் தரும். பழையதை மலிவாக வாங்கும்போது தயாரித்த ஆண்டைக் கேளுங்கள். இந்த வகைச் சைட்டில் இழையை நாமே மாற்றுவதற்கில்லை. சூடு காட்டவோ குடையவோ கூடாது. குப்பி உடைந்தது என்று சந்தேகம் வந்தால், சன்னலைத் திறந்துவிட்டு, கையைக் கழுவி, தயாரித்த நிறுவனத்திடம் எப்படித் திருப்பி அனுப்புவது என்று கேளுங்கள்.

## அறிகுறி: இழை கழன்று விழுகிறது அல்லது உடைகிறது

இழையைத் துளையில் பிடித்துவைப்பது அதன் இரு முனைகளிலும் சூட்டால் விரித்த காளான் போன்ற தலை மட்டுமே. தலை சிறிதாக இருந்தாலோ, 1.5 மிமீ துளையில் 1 மிமீ இழையைச் செருகியிருந்தாலோ, சுடும் உதைப்பில் இழை நகர்ந்து நகர்ந்து ஒருநாள் காணாமல் போய்விடும். எனவே தலையின் அகலத்தையும் இழையின் அளவையும்தான் முதலில் பார்க்க வேண்டும். உறை உரசித் தலை தேய்வது இரண்டாவது காரணம். அதைப் பிறகு சொல்கிறேன்.

மாற்றுவதற்குக் கால் மணி நேரம் போதும். எண்ணெய்த் துணியும் கரைப்பான் புட்டியும் மேசையில் இருக்கக் கூடாது, ஏனென்றால் தீ மூட்டப் போகிறோம். பழைய இழையைப் பல்குத்தும் குச்சியால் தள்ளி எடுங்கள். புது இழையின் ஒரு முனையை நகவெட்டியால் நேராக வெட்டி, லைட்டர் சுடரின் பக்கவாட்டில், சுடர் தொடாத தொலைவில் பிடித்து மெல்லத் திருப்புங்கள். முனை உருகித் தானாக உருண்டையாக விரியும்; விரிந்த கணமே எடுத்துவிட வேண்டும். அந்தத் தலை நம் கண்ணை நோக்கி இருக்கும்படி, பின்புறத்திலிருந்து துளையில் செருகி இழுத்து அமர்த்துங்கள். மறுமுனையில் ஏறத்தாழ ஒன்றரை மிமீ வெளியே நீட்டிக்கொண்டிருக்குமாறு வெட்டி, அதையும் அதே விதமாகச் சூடு காட்டுங்கள். விரலால் தள்ளினால் இழை நகரக் கூடாது. முதல் இரண்டு முயற்சி பெரும்பாலும் கருகிப் போகும். ஒரு பொட்டலத்தில் பல அங்குல இழை வருகிறது, விலையும் பொதுவாகப் பத்து டாலரைத் தொடாது. ஆகவே கைபழகும்வரை வீணாக்கலாம்.

சூப்பர் பசை போட வேண்டாம். அது உலரும்போது எழும் ஆவி இழையின் மேல் வெண்படலமாகப் படிகிறது. அடுத்த முறை இழை உடையும்போது துளையிலிருந்து சுரண்டி எடுக்க வேண்டியும் வருகிறது. நண்பர் ஒருவர் அப்படி ஒட்டிய இழையை எடுக்க நான் ஒரு மாலை முழுவதும் செலவிட்டு, கடைசியில் துளையின் விளிம்பைக் கீறிவிட்டு, புது முன் சைட் வாங்கிக் கொடுத்தேன்.

இழை உடைந்துகொண்டே இருந்தால், திறந்த பள்ளத்தில் இழை நீளமாகத் தெரியும் வகையை நீங்கள் தேர்ந்திருக்கிறீர்கள். வெளிச்சத்தை அதிகம் அள்ளுவது அதுதான். அடியும் அதற்குத்தான் அதிகம். மேலே எஃகுப் பாலங்கள் உள்ள முன் சைட்டையோ, இழையைச் சுற்றிலும் மூடிய வகையையோ வாங்குங்கள். எப்படியிருந்தாலும் உறை வைக்கும் பெட்டியில் ஓர் இழைத்துண்டும் நகவெட்டியும் கிடக்கட்டும். இழை விழுந்தாலும் குறிமுள் நிற்கிறது என்பதால் பிஸ்டல் பயனற்றுப் போய்விடவில்லை.

## அறிகுறி: குண்டு குறியில் விழவில்லை

இந்தப் புகாருக்கு நேரம் ஒதுக்குங்கள். சைட்டைத் தொடுவதற்கு முன் மூன்று சோதனைகள் இருக்கின்றன. மூன்றுக்கும் ஒரு பெட்டித் தோட்டாவும் பொறுமையும் போதும்.

முதலாவதாக, சுடுதள மேசையில் மணல் மூட்டையின் மேல் கையைத் தாங்கி, 15 கெஜம், அதாவது 13.7 மீட்டர் தொலைவில் ஐந்து குண்டுகள் கொண்ட மூன்று தொகுதிகள் சுடுங்கள். குண்டுகள் சிதறிக் கிடந்தால் அது சைட்டின் வேலை அல்ல. ஒரே இடத்தில் குவிந்து, அந்த இடம் குறியிலிருந்து விலகியிருந்தால் மட்டுமே மேலே படியுங்கள். இரண்டாவதாக, நன்றாகச் சுடும் இன்னொருவரை அதே பிஸ்டலால் சுடச் சொல்லுங்கள். வலது கைக்காரருக்குக் குண்டு இடது கீழ்ப்பக்கம் போனால், உதைப்பை எதிர்பார்த்து விசையைப் பிடுங்குவதுதான் வழக்கமான காரணம். மேகசினில் போலித் தோட்டாக்களைக் கலந்து போட்டுச் சுட்டால், போலியில் விசை இழுக்கும்போது குழல்முனை தலைகுனிவது வெட்டவெளிச்சமாகிவிடும். மூன்றாவதாக, நீங்கள் ஏந்தும் தோட்டாவையே சுட்டுப் பாருங்கள். 9 மிமீ தோட்டாவில் 115, 124, 147 கிரெய்ன் என்று குண்டின் எடை மாறும்போது விழும் உயரமும் மாறும். இந்தத் தொலைவில் கனமான குண்டு பொதுவாகச் சற்று மேலே விழும். பயிற்சிக்கு ஒன்றும் ஏந்துவதற்கு வேறொன்றும் வைத்துக்கொண்டு, மலிவானதற்குச் சைட்டைச் சரிசெய்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

### மேலே விழுகிறது

ஒளியிழைக்கே உரிய தவறு இது. பளிச்சென்ற புள்ளியைக் கண்டதும் கண் அதன் மேல் ஒட்டிக்கொள்கிறது. பின் சைட்டின் மேல்விளிம்போடு குறிமுள்ளின் மேல்விளிம்பைச் சமமாக வைப்பதற்குப் பதிலாக, நாம் புள்ளியைச் சமமாக வைத்துவிடுகிறோம். புள்ளி குறிமுள்ளின் உச்சிக்கு 0.75 மிமீ கீழே இருக்கிறது என்று கொள்வோம். இரு சைட்டுகளுக்கும் இடைவெளி 153 மிமீ உள்ள கிளாக் 19 போன்ற பிஸ்டலில், 10 கெஜத் தொலைவில், அந்த 0.75 மிமீ தவறு குண்டை ஏறத்தாழ 45 மிமீ மேலே தள்ளிவிடும். வெயிலில் மேலேயும் அரங்குக்குள் சரியாகவும் விழுந்தால் சந்தேகமே வேண்டாம், காரணம் இதுதான். இழையின் முனையைக் கறுப்பு மார்க்கரால் தற்காலிகமாக மறைத்துவிட்டு, வெறும் விளிம்புகளை வைத்து மீண்டும் ஒரு தொகுதி சுடுங்கள். குண்டு குறிக்கு இறங்கினால் சைட்டில் குற்றமில்லை.

அப்போதும் மேலேதான் என்றால் முன் சைட் குட்டையாக இருக்கிறது; உயரமானது வேண்டும்.

### கீழே விழுகிறது

முதலில், உங்கள் பிஸ்டல் எந்தப் பார்வைக்கு அமைக்கப்பட்டது என்று கையேட்டில் பாருங்கள். சில பிஸ்டல்கள் புள்ளியாலேயே இலக்கை மூடிப் பார்க்கும்படி அமைக்கப்பட்டவை. அவற்றில் குறிமுள்ளின் உச்சியை இலக்கில் வைத்தால் குண்டு கீழேதான் போகும். பார்வையை மாற்றிக்கொண்டால் செலவில்லாமல் தீர்ந்துவிடும்.

அது இல்லையென்றால், பெரும்பாலும் நீங்கள் முன் சைட்டை மட்டும் மாற்றியிருப்பீர்கள். இழைத்துளைக்கு இடம் வேண்டியிருப்பதால், தனியாக விற்கும் ஒளியிழை முன் சைட்டுகள் பல, பிஸ்டலோடு வந்ததைவிட உயரமானவை; தொழிற்சாலைப் பின் சைட்டோடு அவற்றைச் சேர்த்தால் குண்டு இறங்கும். எவ்வளவு மாற்ற வேண்டும் என்பதற்கு ஊகம் வேண்டாம். குண்டு விலகிய அளவைச் சைட்டுகளின் இடைவெளியால் பெருக்கி, இலக்கின் தொலைவால் வகுத்தால் விடை வரும். மூன்றையும் மிமீட்டரில் வைத்துக்கொள்ள வேண்டும். 13,716 மிமீ தொலைவில் 76 மிமீ கீழே விழுகிறது, இடைவெளி 153 மிமீ என்றால், 76 பெருக்கல் 153 வகுத்தல் 13,716. விடை ஏறத்தாழ 0.85 மிமீ. அவ்வளவு குட்டையான முன் சைட்டையோ, அவ்வளவு உயரமான பின் சைட்டையோ வாங்க வேண்டும். கிளாக்கின் பின் சைட்டுகள் 6.1, 6.5, 6.9, 7.3 மிமீ என்று 0.4 மிமீ படிகளில் கிடைக்கின்றன, 6.5 இருந்த இடத்தில் 7.3 போட்டால் இந்த எடுத்துக்காட்டின் பிழை ஏறக்குறைய முழுதும் மறைந்துவிடும். டாசன் பிரிசிஷன் போன்ற நிறுவனங்கள் முன் சைட்டையே பல உயரங்களில் விற்கின்றன. முன்னும் பின்னும் இணையாக வரும் தொகுப்பை முதலிலேயே வாங்கியிருந்தால் இந்தக் கணக்கே பெரும்பாலும் தேவைப்பட்டிருக்காது.

முன் சைட்டை அரத்தால் ராவிக் குட்டையாக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். ஒளியிழை சைட்டில் துளைக்கு மேல் மிச்சமிருக்கும் எஃகு மிக மெல்லியது. ராவினால் இழை வெளியே வந்துவிடும்.

### இடமோ வலமோ விழுகிறது

மூன்று சோதனைகளும் முடிந்த பிறகும் பக்கவாட்டில் விலகினால், குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் பின் சைட்டைத் தள்ள வேண்டும். முன் சைட் என்றால் எதிர்ப்பக்கம். அளவுக்கு அதே கணக்குதான்: 10 மீட்டரில் 50 மிமீ விலகினால் ஏறத்தாழ 0.77 மிமீ. தள்ளும் விதத்தை அடுத்ததில் படியுங்கள்.

## அறிகுறி: சைட் அசைகிறது

விரலால் அசைத்துப் பார்த்துத் தெரியவில்லை என்றால், சைட்டும் ஸ்லைடும் சேரும் இடத்தில் வெள்ளைப் பேனாவால் ஒரு மெல்லிய கோடு போட்டு, ஐம்பது குண்டு சுட்டுவிட்டுப் பாருங்கள். கோடு இரண்டாக விலகியிருந்தால் சைட் நகர்கிறது.

கிளாக்கின் முன் சைட்டை ஸ்லைடின் உள்ளிருந்து ஒரு சிறு அறுகோணத் திருகு பிடித்திருக்கிறது. அதற்கு 3/16 அங்குல, சுவர் மெல்லிய நட் டிரைவர் வேண்டும். கொறடு பட்டால் திருகின் மூலைகள் உருண்டுவிடும். திருகைக் கழற்றி, மரையில் எண்ணெய் துளியும் இல்லாமல் துடைத்து, திருகு தளராமல் பிடிக்கும் நீலநிற லாக்டைட் பசை ஒரு சொட்டு விட்டு, இறுகியதும் நிறுத்துங்கள். சிறிய திருகு என்பதால் பலம் காட்டினால் முறிந்துவிடும். ஒரு நாள் உலரவிட்ட பிறகு சுடுங்கள். லாக்டைட் இழையின் மேல் வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிவப்பு லாக்டைட் வேண்டாம். அதைப் பிரிக்கச் சூடு காட்ட வேண்டும், சூட்டில் இழை உருகிவிடும்.

மற்றப் பல பிஸ்டல்களில் சைட்டுகள் குறுக்குக் காடியில், அதாவது டவ்டெயிலில், இறுகச் செருகப்பட்டிருக்கும். பின் சைட்டில் பூட்டுத் திருகு இருந்தால் முதலில் அதை முடுக்கிப் பாருங்கள். பல முறை அதுவே காரணம். திருகு இல்லாமலே தளர்ந்திருந்தால் வீட்டில் சுத்தியலை எடுக்காதீர்கள். தள்ளுவதற்கென்றே உள்ள சைட் புஷர் கருவி இருந்தால், பூட்டுத் திருகைத் தளர்த்திவிட்டு மெல்ல நகர்த்தலாம். இல்லாதபோது பித்தளை அல்லது நைலான் உளியைத் தவிர வேறெதையும் சைட்டில் வைக்கக் கூடாது.

எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் எம்அண்ட்பி வகையில், பின் சைட்டின் அடியில்தான் ஸ்டிரைக்கர் தடுப்பின் (விசை இழுக்காமல் தோட்டா வெடிக்காதபடி காக்கும் பாகத்தின்) சுருள்வில் அடைபட்டிருக்கிறது. தெரியாமல் சைட்டைத் தள்ளி எடுத்தால் வில்லும் அதன் சின்ன மூடியும் கூரைக்குப் பறக்கும். அவை சரியாகத் திரும்ப உட்காராவிட்டால் பிஸ்டலின் உட்பாதுகாப்பே கெடும். இந்த வகைப் பிஸ்டலிலும், காடியே அகன்றுபோன ஸ்லைடிலும், புது சைட் காடிக்குள் மூன்றில் ஒரு பங்குகூட விரல் பலத்தில் நுழையாதபோதும் துப்பாக்கிக் கம்மியரிடம் கொடுத்துவிடுங்கள். அவருடைய கூலி, கெடுத்த ஸ்லைடின் விலையில் சிறு பங்குதான். தொலைவில் உள்ளவரிடம் அனுப்புவதானால் ஸ்லைடை மட்டும் அனுப்பலாம்: கூட்டாட்சிச் சட்டப்படி வரிசை எண் பொறித்த சட்டகம்தான் துப்பாக்கி, சிக் பி365 போன்றவற்றில் உள்ளிருக்கும் விசைத் தொகுதிதான் துப்பாக்கி. கூரியர் நிறுவனத்தின் சொந்த விதிகளை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

## அறிகுறி: மூன்று புள்ளிகளில் எதைப் பார்ப்பது என்று கண் தடுமாறுகிறது

முன்னே ஒன்று, பின்னே இரண்டு என்று மூன்றும் இழையாக உள்ள தொகுப்புகளில் இது தப்பாமல் வரும். பின் சைட் கண்ணுக்கு அருகில் இருப்பதால் அதன் புள்ளிகளே முந்திக்கொள்கின்றன. பின்னிழைகளின் முனைகளைக் கறுப்பு மார்க்கரால் மறைத்து ஒரு வாரம் பயிற்சி செய்து பாருங்கள். நிம்மதியாக இருந்தால், புள்ளியே இல்லாத, முகத்தில் வரிவெட்டுள்ள கறுப்புப் பின் சைட்டை வாங்குங்கள். ஒளியிழையை முன்னால் மட்டும் வைத்துப் பின்னால் கறுப்பை வைப்பதுதான் ஏந்தும் பிஸ்டலுக்கு என் பரிந்துரை. பின் வெட்டு 0.140 முதல் 0.150 அங்குலமும், முன் குறிமுள் 0.115 முதல் 0.125 அங்குலமும் இருந்தால் இரு பக்கமும் போதிய வெளிச்சம் தெரியும். கண் தானாகவே நடுவைப் பிடித்துக்கொள்ளும்.

நிறத்தைப் பொறுத்தவரை, பச்சை பெரும்பாலான கண்களுக்குச் சிவப்பைவிடப் பிரகாசமாகத் தெரிகிறது. மாலை மயங்கும்போது சிவப்பு முதலில் மறைகிறது. புல்வெளியில் சுடுபவர் சிவப்பை விரும்பலாம். சிவப்பு பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாதவர்கள் கடைக்காரர் சொல்லைக் கேட்காமல் இரு நிறத் துண்டுகளையும் கையில் வாங்கிப் பார்த்தே தேர வேண்டும்.

## அறிகுறி: வெயிலில் புள்ளி பூத்துப் பெரிதாகிக் கூசுகிறது

புள்ளி இலக்கை மூடுமளவுக்குப் பூத்தால், இழையின் மேற்புறத்தை மார்க்கரால் பாதி நீளத்துக்குக் கறுப்பாக்குங்கள்; உள்ளே புகும் ஒளி குறையும். அதிகமாகிவிட்டால் சோப்பு நீரில் துடைத்துவிட்டு மீண்டும் பூசலாம். இதற்காகப் புதுச் சைட் வாங்கத் தேவையில்லை.

## அறிகுறி: உருவும்போது சிக்குகிறது

வெற்றுப் பிஸ்டலை உறையில் போட்டு எடுத்து, முன் சைட்டில் பிளாஸ்டிக் சீவலோ தோல் துகளோ ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஒட்டியிருந்தால், தொழிற்சாலைச் சைட்டின் உயரத்துக்கு வார்த்த கைடெக்ஸ் என்ற பிளாஸ்டிக் உறையின் உள்வாய்க்கால் உங்கள் புதுச் சைட்டுக்குப் போதவில்லை. உறை செய்தவரிடம் சைட்டின் உயரத்தைச் சொன்னால் வாய்க்காலைச் சூடாக்கி உயர்த்தித் தருவார். அடுப்பில் காட்டி நீங்களே வளைக்காதீர்கள், ஏனென்றால் விசைக் காவலை மூடும் பகுதி நெளிந்துவிட்டால் அந்த உறையை எறிய வேண்டியதுதான். சட்டையின் ஓரம் பின் சைட்டில் மாட்டுகிறது என்றால், இழை வெளியே துருத்தும் வகையை விட்டு, விளிம்பு மழுங்கிய பின் சைட்டுக்கு மாறுங்கள்.

## அறிகுறி: புள்ளியே கலங்கித் தெரிகிறது

முன் சைட் மங்கலாக இல்லை, ஆனால் உருவம் தெளிவாக இல்லை. கையை நீட்டினால் புள்ளி பஞ்சுருண்டைபோல் தெரிகிறது. நாற்பதைத் தாண்டியவர்கள் சைட்டை மாற்றி மாற்றிப் பணத்தைக் கரைப்பது இந்த அறிகுறியில்தான். கெட்டியான அட்டையில் குண்டூசியால் ஒரு துளை போட்டு, அதன் வழியாக முன் சைட்டைப் பாருங்கள். துளையின் வழியே கூர்மையாகத் தெரிந்தால் குறை சைட்டில் இல்லை, கண்ணாடியில் இருக்கிறது. இருபார்வைக் கண்ணாடி அணிபவர், முன் சைட்டைப் பார்க்கத் தலையைத் தூக்கி அண்ணாந்து சுடுகிறாரா என்று கூட இருப்பவர் கவனித்தாலே காரணம் புரிந்துவிடும்.

இதற்குக் கம்மியரால் ஒன்றும் செய்ய முடியாது. கண் மருத்துவரிடம்தான் போக வேண்டும். வெற்றுப் பிஸ்டலைச் சுடும் நிலையில் நீட்டிப் பிடித்து, கண்ணிலிருந்து முன் சைட்வரை உள்ள தூரத்தை வீட்டில் இருப்பவரை நாடாவால் அளக்கச் சொல்லி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அளப்பவர் பக்கவாட்டில் நிற்க வேண்டும், குழல்முனைக்கு எதிரே அல்ல. அந்த ஓர் எண்ணைச் சொன்னால், அந்தத் தூரத்துக்கென்று கண்ணாடி எழுதிக் கொடுப்பார். பிஸ்டலை மருத்துவமனைக்கு எடுத்துப்போக வேண்டியதில்லை.